பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோன சீஸ்

என் கணவரின் முதல் வருட ஆட்டைத் திவசம் முடிந்து இரண்டு மாதம் இருக்கும். மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு மதாம் மணியடித்து ஒரு சிறிய அட்டையைத் தந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு அவர் வீட்டில் சாப்பாடு. அவருடைய தம்பி, தம்பியின் மனைவி, பழைய சிநேகிதிகள் இரண்டு பேர், பிறகு நான். "ஒன்றும் கொண்டுவர வேண்டாம், நீங்கள் வந்தால் போதும்" என்று பிரெஞ்சில், எனக்கு விளங்கவேண்டும் என்பதற்காகச் சொல் சொல்லாகப் பிரித்துச் சொன்னார். பிறகு பனி உறைந்த படிகளில் கைப்பிடியைப் பிடித்தபடி பக்கவாட்டாக இறங்கிப் போனார்.

மொன்றியலின் ஓரத்திலுள்ள பியர்பொன்ட்ஸில் எங்கள் வீடு, ஆறு வீடுகள் ஒட்டி நிற்கும் வரிசையில் நாலாவது. மதாமுடையது ஐந்தாவது. நடுவில் ஒரு சுவர்தான். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கத்தில் பதினான்கு வருடம் இருந்திருக்கிறேன். அந்தப் பக்கத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. கண்டால் பொன்ஜூர் சொல்வேன். அவரும் சொல்வார். அதற்கு மேல் பேச்சு இருந்ததெல்லாம் என் கணவரோடுதான். இவர் எங்கள் வாசலில் பனி வழிக்கும்போது மதாமின் வாசலையும் சேர்த்து வழித்துவிடுவார். மதாம் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்து நின்று கதைப்பார். இவருக்குப் பிரெஞ்சு என்னைவிட நன்றாக வரும். நான் யன்னலுக்குப் பின்னால் நின்று, இரண்டு பேருடைய வாயிலிருந்தும் ஆவி வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இவர் போன முதல் மாதம் வீடு நிறைய ஆட்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரைக்கும் குசினியில் யாராவது சமைத்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு கிழமைக்கு ஒருமுறை தொலைபேசி எடுத்தார்கள். பிறகு மாதத்துக்கு ஒருமுறை. யாரையும் குறை சொல்ல முடியாது. எங்கள் ஆட்கள் கூடுதலாக இருப்பது பார்க் எக்ஸ்டென்ஷனில். அங்கே இருப்பவர்களுக்கு பியர்பொன்ட்ஸ் இன்னொரு ஊர் மாதிரி. எனக்குக் கார் ஓடத் தெரியாது. "ஆராவது உங்களை ஏத்திக்கொண்டு வருவினம்" என்று மற்றவர்கள் சொல்லும் நிலைக்கு ஒருவர் வந்துவிட்டால், கொஞ்ச நாளில் அந்த ஆராவதும் இல்லாமற் போய்விடுவார். கலியாணக் கார்டுகள் தபாலில் வந்தன. அவற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டிவைப்பேன். நாள் கடந்ததும் எடுத்துவிடுவேன்.

ஆகவே மதாமின் அட்டை எனக்குச் சின்ன விஷயமாக இருக்கவில்லை. அன்றைக்கு முழுக்க ஒரே யோசனை. எங்கள் ஆட்கள் ஒன்றும் கொண்டுவர வேண்டாம் என்றால் குறைந்தது ஒரு பிஸ்கட் டின்னும் நாலு தோடம்பழமும் என்று பொருள். வெறுங்கையோடு போனால் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார்கள். காரில் திரும்பிவரும்போது நம்மை நாமே குறை சொல்லிக்கொள்வோம். இந்தப் பிரெஞ்சுக்காரர்கள் வேண்டாம் என்றால் உண்மையாகவே வேண்டாம் என்று பொருளா?

கல்கரியில் இருக்கும் மகனை அழைத்தேன்.

"அம்மா, ஒரு வைன் போத்தல் கொண்டுபோங்கோ. அவ்வளவுதான்."

"நான் போய் வைன் வாங்கிறதே?"

"அப்ப பூ கொண்டுபோங்கோ. செவ்வந்தி மட்டும் வேண்டாம், அதைச் செத்தவீட்டுப் பூ எண்டு நினைப்பினம். ஆனா பூவும் கரைச்சல்தான். சமைக்கிற நேரத்தில அவ ஜாடி தேடிக்கொண்டு நிக்க வேணும்." பின்னால் யாரோ அவனைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. "அம்மா, மீட்டிங் ஒண்டு இருக்கு. பேந்து எடுக்கிறன்."

பேந்து எடுக்கவில்லை. அடுத்ததாக, என்னோடு வேலை செய்த சிநேகிதியை அழைத்தேன். அவள் இன்னும் பார்க் எக்ஸ்டென்ஷனில்தான் இருக்கிறாள்.

"அக்கா, உங்களுக்கு விசரே? பத்தொன்பது வருசம் சீஸ் வெட்டிப் பொதி செய்த மனுசி, என்ன கொண்டுபோறது எண்டு என்னட்டைக் கேக்கிறியள். நல்ல சீஸா ஒண்டு வாங்கிக்கொண்டு போங்கோ."

"எங்கட வீட்டுக்குள்ள சீஸ் வாறேல்ல எண்டு உமக்குத் தெரியும்தானே."

"இப்ப அண்ணைதான் இல்லையே" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். "நான் அப்பிடி நினைச்சுச் சொல்லேல்லை அக்கா."

"பரவாயில்லை" என்றேன். பிறகு அவள் தன் பேத்தியின் பல்லைப் பற்றிக் கதைத்தாள். நானும் கேட்டேன்.

எங்களுடைய தொழிற்சாலை நகரின் மேற்குப் பக்கம் இருந்தது. பெரிய சீஸ் வட்டங்கள் பண்ணைகளிலிருந்து வரும். நாங்கள் அவற்றை முக்கோணத் துண்டுகளாக வெட்டி, நிறுத்து, சுற்றி, பெட்டியில் அடுக்கவேண்டும். தலைக்கு வலை, இரண்டு கையுறை, உள்ளே ஸ்வெட்டர். வெட்டும் அறை எப்போதும் குளிர்ப்பெட்டிக்குள் இருப்பது போல இருக்கும். வட்டத்தின் நடுவிலிருந்து தோல்வரைக்கும் நேராகக் கத்தி போகவேண்டும். ஒரு துண்டில் நடு மட்டும், இன்னொன்றில் தோல் மட்டும் என்று வந்தால் மேற்பார்வை செய்கிறவர் எடுத்துப் புறம்பாகப் போட்டுவிடுவார். முதல் ஒரு வருடம் மணத்தில் சாப்பிட முடியாமல் இருந்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டே எது எந்தச் சீஸ், பழுத்துவிட்டதா, இன்னும் ஒரு கிழமை இருக்கவேண்டுமா என்று சொல்லக்கூடிய அளவுக்கு வந்துவிட்டேன். ஆனால் ஒரு துண்டுகூட வாயில் வைத்ததில்லை.

அதற்குக் காரணம் என் கணவர். சீஸுக்காகப் பாலைத் திரைய வைக்கிற பொருளைக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கிறார்கள் என்று, நாங்கள் வந்த புதிதில் யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். எல்லாச் சீஸும் அப்படியில்லை என்று நான் பிறகு வேலையில் தெரிந்துவந்து சொன்னேன். கேட்கவில்லை. மீன் சாப்பிடுகிறவர், ஆட்டிறைச்சி சாப்பிடுகிறவர். ஆனால் மாட்டு வயிறு என்றதும் அவருக்குள் ஏதோ மூடிவிட்டது. மகன் வெளியே பீட்சா சாப்பிட்டுவிட்டு வருவான். இவர் தெரியாதது போல இருப்பார். வீட்டுக்குள் மட்டும் வரக்கூடாது. என் வேலைக் கோட்டுக்கு, பின்வாசல் கதவுக்கு வெளியே ஒரு ஆணி அடித்திருந்தார். சீஸ் மணக்கும் கோட்டு உள்ளே வரக்கூடாது. மைனஸ் இருபதிலும் அது வெளியேதான் தொங்கும். காலையில் போட்டால் பலகையைப் போட்டுக்கொண்டது போல இருக்கும். நத்தார் பண்டிகைக்குத் தொழிற்சாலையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பை சீஸ் தருவார்கள். என் பையை, என் பக்கத்தில் நின்று வேலை செய்யும் ஹெய்ற்றிக்காரிக்குக் கொடுத்துவிடுவேன். அவள் எனக்கு மாம்பழம் தருவாள்.

சனிக்கிழமை பஸ்ஸும் மெத்ரோவும் மாறி, வடக்குப் பக்கத்துச் சந்தைக்குப் போனேன். அங்கே ஒரு சீஸ் கடை. கண்ணாடிக்குப் பின்னால் நின்ற பெண்ணுக்கு என் மகனின் வயதிருக்கும். எத்தனை பேருக்கு, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டாள். ஒருவருக்குப் பரிசு என்று சொன்னேன். அப்படியானால் வெட்டிய துண்டு வேண்டாம், சின்ன வட்டமாக முழுசாகக் கொடுப்பதுதான் அழகு என்றாள். மூன்று வட்டங்களை எடுத்து வைத்தாள். நான் கையுறையைக் கழற்றி, மூடியிருந்த தாளின் மேலாக நடுவில் பெருவிரலால் மெதுவாக அழுத்திப் பார்த்தேன். முதலாவது கல். இரண்டாவது அளவுக்கு மிஞ்சிப் பழுத்தது. மூன்றாவது சரியாக இருந்தது.

"நீங்கள் இந்தத் தொழிலா?" என்று கேட்டாள்.

"ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு பிரெஞ்சில் "வீ" என்றேன்.

அவள் அதைத் தாளில் சுற்றி நூலால் கட்டினாள். "கொடுக்கும்போது ஒன்று மட்டும் சொல்லுங்கள். இன்றைக்கே வைக்கவேண்டியதில்லை, உங்களுக்குப் பிடித்த நேரத்தில் சாப்பிடுங்கள் என்று. வீட்டுக்காரர் ஏற்கெனவே தன் மேசையை யோசித்து வைத்திருப்பார்."

திரும்பும் பஸ்ஸில் சூடு போட்டிருந்தார்கள். அரைமணி நேரத்தில் என் மடியிலிருந்த பையிலிருந்து மணம் கிளம்பத் தொடங்கியது. நல்ல சீஸ் என்றால் அப்படித்தான். முன்னால் இருந்த ஒரு பெண் மூக்கைச் சுளித்தாள், சுற்றிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கையிலிருந்த தொலைபேசியைப் பார்ப்பது போல எழுந்து பின்னால் போய் நின்றாள். அவள் என்ன நினைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். நெற்றியில் திருநீறு பூசிய ஒரு கறுத்த மனுசி, மடியில் ஒரு பை, எங்களுடைய கறியின் மணம் என்று நினைத்திருப்பாள். எழும்பிப் போய், "பிள்ளை, இது உங்கட சாப்பாடு" என்று சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. பையை வாய் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கடைசித் தரிப்புவரைக்கும் இருந்தேன்.

வீட்டுக்கு வந்து அதை உள்ளே கொண்டுபோகவில்லை. பின்வாசலுக்கு வெளியே, ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மேலே ஒரு செங்கல்லை வைத்தேன். கேட்க யாரும் இல்லாத வீட்டில் யாருக்குப் பயந்து இதைச் செய்கிறேன் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் அப்படித்தான் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரைக்குச் சரியாக மணியடித்தேன். பத்து அடி நடக்கிற தூரத்துக்குப் பிந்திப்போக என்ன காரணம் சொல்வது? கதவைத் திறந்த மதாமுக்குத் தலைமயிர் ஈரமாக இருந்தது. இவர்கள் பன்னிரண்டரை என்றால் விருந்தாளி பன்னிரண்டே முக்காலுக்கு வரவேண்டும், அந்தக் கால்மணி நேரம் வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் மரியாதை என்பதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. மதாம் முகம் சுளிக்கவில்லை. இரண்டு கன்னத்திலும் கன்னம் வைத்தார். பொதியைக் கொடுத்து, கடைக்காரப் பெண் சொல்லித் தந்ததை அப்படியே ஒப்பித்தேன். அவர் தாளின் மேலாக முகர்ந்து கண்ணை மூடினார். "இதெல்லாம் எதற்கு?" என்றார். பிறகு அதை உள்ளே கொண்டுபோனார். நான் முன்னறையில் தனியே இருந்தேன்.

அந்த வீடு எங்கள் வீட்டையே திருப்பிப் போட்டது போல இருந்தது. எங்களுக்கு வலப்பக்கம் இருக்கும் மாடிப்படி அங்கே இடப்பக்கம். எங்கள் முன்னறையில் இவருடைய படம் மாட்டியிருக்கும் சுவருக்கு நேர் மறுபக்கத்தில் மதாமின் சாப்பாட்டு மேசை. இத்தனை வருடம் அந்தச் சுவர் வழியாக எனக்குக் கேட்ட கதிரை இழுபடும் சத்தம் இங்கேயிருந்துதான் வந்திருக்கிறது.

மற்றவர்கள் பன்னிரண்டே முக்காலுக்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் வைன், ஒருவர் சொக்கலேட், ஒருவர் தான் செய்த அப்பிள் ஜாம். மதாம் எல்லாவற்றையும் வாங்கி, எல்லோருக்கும் ஒரே மாதிரி சந்தோஷப்பட்டு, குசினி மேசையில் வரிசையாக வைத்தார். ஒன்றையும் பிரிக்கவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது. எங்கள் ஆட்களும் விருந்தாளிக்கு முன்னால் பிரிக்கமாட்டார்கள்.

சாப்பாட்டுக்கு, மாவுக்குள் சாமன் மீன் வைத்துச் சுட்ட பை. "மாட்டிறைச்சி நீங்கள் சாப்பிடுவதில்லை என்று உங்கள் கணவர் சொல்லியிருக்கிறார்" என்றார் மதாம். என் பக்கத்தில் அவருடைய தம்பி இருந்தார். பெரிய உடம்பு, நல்ல மனிதர். என்னிடம் ஒவ்வொன்றையும் மெதுவாக, உரத்து விளக்கினார். இது உப்பு, இது வெண்ணெய், இது மீன். நான் மெர்சி, மெர்சி என்றேன். என்னுடைய பிரெஞ்சு தொழிற்சாலைப் பிரெஞ்சு. தள்ளு, நிறுத்து, கவனம், முடிந்தது, நாளைக்கு. அதை வைத்துக்கொண்டு ஒரு மேசையில் எவ்வளவு நேரம் கதைக்கலாம்? மற்றவர்கள் கதைக்கத் தொடங்கினால் வேகம் கூடிவிடும். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எல்லோரும் சிரித்த பிறகு நானும் சிரித்தேன். சிரிப்பில் எப்போதும் ஒரு விநாடி பிந்தியிருந்தேன்.

தட்டுகளை எடுத்த பிறகு, இனிப்புக்கு முன்னால், ஒரு மரப்பலகையில் மூன்று சீஸ் வந்தது. என்னுடையது அதில் இல்லை. இல்லாமல் இருக்கலாம் என்று கடைக்காரப் பெண் சொல்லியிருந்தும், பலகையை இரண்டு தரம் பார்த்தேன். பழுதாகிவிட்டதோ, மலிவாகத் தெரிந்ததோ, மணம் பிடிக்கவில்லையோ என்று மனம் போய்க்கொண்டிருந்தது.

தம்பி என் பக்கம் குனிந்தார். "முதலில் மென்மையானது. கடைசியில் கடுமையானது. ஒவ்வொன்றுக்கும் அதனதன் கத்தி. இந்த முக்கோணத்தின் மூக்கை மட்டும் வெட்டக்கூடாது. மூக்குத்தான் ருசியான இடம். நீங்களே எடுத்துவிட்டால் மற்றவருக்குத் தோல்தான் மிஞ்சும்."

மதாம் பலகையை முதலில் என்னிடம் தந்தார், நான் புது விருந்தாளி என்பதற்காக. மூன்றாவது சீஸை எனக்குத் தெரியும். செம்மஞ்சள் தோல், அதில் கம்பித் தட்டின் கோடுகள், அந்த முக்கோணத்தின் அளவு. எங்களுடைய தொழிற்சாலையில் வெட்டுவது. கத்தியை எடுத்து, நுனியிலிருந்து தோல்வரைக்கும் நீளவாட்டில் ஒரே இழுப்பில் ஒரு மெல்லிய துண்டு எடுத்தேன். மிச்சம், வெட்டியதே தெரியாமல் முக்கோணமாகவே நின்றது.

தம்பி என் கையைப் பார்த்தார். "யார் பழக்கியது?"

"வேலை" என்றேன். "பத்தொன்பது வருடம். இந்தச் சீஸ்தான்."

மேசை என் பக்கம் திரும்பியது. பிறகு மதாமைத் தவிர எல்லோரும் ஒரேயடியாகக் கேட்டார்கள். ஒரு நாளைக்கு எத்தனை? உள்ளே குளிரா? கை வலிக்குமா? இலவசமாகக் கிடைக்குமா? எனக்குத் தெரிந்த சொற்களால் பதில் சொன்னேன். தெரியாத இடத்தில் கையால் காட்டினேன். ஐந்து நிமிடம் இருக்கும். அந்தக் கிழமை முழுக்க நான் கதைத்ததைவிட அதிகம் கதைத்திருப்பேன். அதன் பிறகு சிநேகிதி ஒருத்தி தன் வீட்டுக் கூரையில் ஒழுகுவதைச் சொல்ல, பேச்சு அங்கே போய்விட்டது.

துண்டை வாயில் வைத்தேன். இந்த மணத்துக்கு இந்த ருசி என்று நான் நினைத்தே இருக்கவில்லை. மணம் அவ்வளவு முரடு. வாயில் பால் போல இருந்தது. கொஞ்சம் உப்பு, கொஞ்சம் காளான், கடைசியில் நாக்கின் ஓரத்தில் ஒரு சின்னக் கசப்பு. இவ்வளவுதானா, இதையா பத்தொன்பது வருடம் வெளியே ஆணியில் தொங்கவிட்டோம் என்று இருந்தது. பலகை ஒரு சுற்றுப் போய் எனக்கு முன்னால் வந்து நின்றபோது, இன்னொரு துண்டு வெட்டி எடுத்தேன்.

தம்பியின் மனைவி சிரித்தாள். "பரவாயில்லை, பரவாயில்லை. சொல்லி வைக்கிறேன், சீஸ் ஒருமுறைதான் சுற்றும். இரண்டாம் முறை எடுத்தால் வீட்டுக்காரியின் சாப்பாடு போதவில்லை என்று அர்த்தம்."

கத்தியைத் திரும்ப வைக்கவும் முடியவில்லை, எடுத்த துண்டைத் திரும்ப வைக்கவும் முடியவில்லை. முகம் சுட்டது. மதாம் எட்டிப் பலகையைத் தன் பக்கம் இழுத்தார். ஒரு பெரிய துண்டு, என்னுடையதைவிட இரண்டு மடங்கு, வெட்டித் தன் தட்டில் போட்டுக்கொண்டார். "எனக்கும் போதவில்லை" என்றார். பிறகு பலகையைத் தம்பியிடம் தள்ளினார். அவரும் எடுத்தார். அவருடைய மனைவியும் கடைசியில் எடுத்தாள்.

நாலு மணிக்கு நான் முதலில் எழும்பினேன். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றும்போது சுவருக்கு அந்தப் பக்கம் கதிரைகள் இழுபட்டன. யாரோ ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். அது என்னைப் பற்றிய சிரிப்பில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் டிவியைப் போட்டேன். இன்னும் வெளிச்சமாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது, பசியும் இல்லை.

வியாழக்கிழமை பின்னேரம் மதாம் வந்தார். கையில் அதே தாள், அதே நூல். உள்ளே முழு வட்டம், கத்தி படாமல்.

"அன்றைக்கு வைக்கவில்லை என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள்" என்றார். "விருந்தாளி தருவது வீட்டுக்காரிக்கு. மேசையில் வைத்தால் ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும். அதோடு நான் பேராசைக்காரி, எனக்கென்று ஒளித்து வைத்தேன். ஆனால் தனியாக உட்கார்ந்து ஒரு வட்டத்தை வெட்ட மனம் வரவில்லை. வாருங்கள், இரண்டு பேரும் சாப்பிடுவோம்."

அவர் என் வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே கூப்பிடவேண்டும். எனக்குக் கதவிலிருந்து கை எடுபடவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், உடைந்த பிரெஞ்சில் உண்மையைச் சொன்னேன். என் கணவர் இந்த வீட்டுக்குள் சீஸ் வர விடமாட்டார். கன்றுக்குட்டி. வயிறு. அவர் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. அதனால்.

மதாமின் முகம் சிவந்துபோனது. படியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவர் சாப்பிட்டிருக்கிறார்" என்றார்.

எனக்குச் சரியாக விளங்கவில்லை என்று நினைத்து, திரும்பச் சொல்லச் சொன்னேன்.

"என் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். முதல் வருடம், பெரிய பனி கொட்டிய நாள். என் வாசலை வழித்துத் தந்தார். உள்ளே கூப்பிட்டுக் கோப்பி கொடுத்தேன். ஒரு தட்டில் சீஸும் பாணும் வைத்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது. அவர் தட்டைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாப்பிட்டார். ருசியாக இருக்கிறது, மெர்சி என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பெரிய பனிக்கும் வைத்தேன்."

"எத்தனை தரம்?"

"ஒரு குளிர்காலத்துக்கு மூன்று, நாலு தரம் இருக்கும்."

பதின்மூன்று குளிர்காலம். நான் யன்னலால் பார்க்கும்போது வாசலில் ஆளைக் காணாவிட்டால், பின்பக்கம் வழிக்கப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

"எனக்குச் சொல்லவேண்டாம் என்று சொன்னாரா?"

மதாம் ஆமென்று தலையாட்டினார். "என் மனைவி எனக்காகத்தான் சாப்பிடாமல் இருக்கிறாள், அவளுக்குத் தெரியவந்தால் எனக்கு வெட்கம் என்றார். எது உங்களுடைய தொழிற்சாலையிலிருந்து வந்தது என்று கேட்பார். இதை அவள் சுற்றியிருப்பாளோ என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நான் சொல்லியிருக்கக் கூடாது. மன்னியுங்கள்."

"உள்ளே வாருங்கள்" என்றேன்.

குசினி மேசையில் வைத்து வெட்டினோம். என்னிடம் பாண் இருக்கவில்லை. கிறீம் கிராக்கர் இருந்தது. எனக்கு வாய் அசைந்துகொண்டிருந்ததே தவிர, ருசி தெரியவில்லை. போகும்போது மதாம் என் தோளில் கை வைத்தார். மிச்சத்தை என்னிடமே விட்டுப் போனார்.

அவர் போன பிறகு முன்னறைக்குப் போய் இவருடைய படத்துக்கு முன்னால் நின்றேன். எனக்குப் பொல்லாத கோபம். "நல்ல ஆள்தான் நீங்கள்" என்றேன். "என்ர கோட்டு வெளியில விறைச்சுக் கிடந்தது. நீங்கள் சுவருக்கு அங்கால இருந்து சாப்பிட்டனீங்கள்." இன்னும் நிறையச் சொன்னேன். முப்பத்தேழு வருடக் கலியாணத்தில் அவரோடு சண்டை பிடிக்கத் தொடங்கினால், அரைமணி நேரத்தில் அவர் ஏதாவது அசட்டுத்தனமாகச் சொல்லி என்னைச் சிரிக்க வைத்துவிடுவார். அல்லது கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுப்பார். நான் போய் எழுப்புவேன். இரண்டில் ஒன்று நடக்கும். இப்போது ஒன்றும் நடக்கவில்லை. நான் சொல்லி முடித்ததும் வீடு முன்பு போலவே இருந்தது. அவர் செத்ததற்கு அழுததைவிட அன்றைக்கு அதிகம் அழுதேன். ஒரு வருடமாக அவர் இல்லை என்று தெரியும். பதில் சொல்ல அவர் இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மகனிடம் சொன்னேன். "அப்பாவோ? சீஸோ?" என்று சத்தமாகச் சிரித்தான். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அன்றைக்கு அவனுக்கு மீட்டிங் ஒன்றும் இருக்கவில்லை.

ஏப்ரலும் மேயும் வியாழக்கிழமைகளில் ஒரு முறை மதாம் வருவார், ஒரு முறை நான் போவேன். வெறுங்கையோடு போவது இல்லை; பெரிதாகவும் ஒன்றும் இல்லை. நாலு வடை, ஒரு எலுமிச்சம்பழம், அவர் வெட்டிவைத்த சஞ்சிகைப் படம். அவர் என் கணவரைப் பற்றி எனக்குத் தெரியாத சின்னச் சின்ன விஷயங்களைச் சொல்வார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். சில நாளில் பொறாமையாக இருக்கும். அதை அவருக்குச் சொன்னதில்லை.

ஜூன் மாதம் மதாம் விழுந்து இடுப்பில் அடிபட்டது. கியூபெக் நகரத்திலிருந்து அவருடைய மகள் வந்து, தன் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள முதியோர் இல்லத்தில் இடம் பிடித்துவிட்டாள். ஜூலை தொடக்கத்தில், பாதி மொன்றியல் வீடு மாறுகிற நாளில், அவருடைய சாமான்களும் லொறியில் ஏறின. வீடு மாறுகிறவருக்கு என்ன கொடுப்பது? எதைக் கொடுத்தாலும் இன்னொரு பெட்டி. விடிய எழும்பி நாற்பது றோல்ஸ் பொரித்துக்கொண்டு போனேன். சாமான் தூக்க வந்தவர்கள் வாசற்படியில் இருந்து சாப்பிட்டார்கள். மதாம் ஒரு பெட்டிக்கு மேல் இருந்து இரண்டு சாப்பிட்டார். உறைப்பில் கண்ணீர் வருகிறது என்றார். நானும் அப்படியே சொன்னேன்.

அங்கே இப்போது ஒரு இளம் தம்பதி. காலையில் குழந்தையைக் கார்டெரி என்கிற பகல்நேரக் காப்பகத்துக்குக் கொண்டுபோகிற அவசரத்தில் கையசைப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மதாம் தொலைபேசி எடுக்கிறார். முகத்தைப் பார்க்காமல் பிரெஞ்சு பேசுவது எனக்குக் கஷ்டம். கையால் காட்ட முடியாது. காலநிலை, இடுப்பு, அங்கே தரும் சூப்பில் உப்பில்லை. பத்து நிமிடத்தில் எனக்குத் தெரிந்த சொற்களெல்லாம் முடிந்துவிடும். அவர் தொலைபேசியை வைக்கமாட்டார். நானும் வைக்கமாட்டேன். அவருடைய அறையில் மணிக்கூடு ஓடுவது எனக்குக் கேட்கும். என் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி உறுமுவது அவருக்குக் கேட்கும் என்று நினைக்கிறேன். கடைசியில் எங்களில் ஒருவர் "சரி" என்று சொல்லவேண்டியிருக்கும்.